குளித்துவிட்டுத்தான் வருகிறேன்

சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து ஈரத் தலையோடு ஒரு பெண் இறங்கினால் எங்கள் எஸ்டேட்டில் முதலில் வரும் கேள்வி, "யாரு போயிட்டா?" என்பதுதான். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள்தான் அந்த நேரத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் நின்று நிதானமாக விளக்கம் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், "நான்தான் போயிட்டேன், பேயா வந்திருக்கேன், வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பொறுமை என்கிற சாமானைக் கடவுள் என்னிடம் குறைத்துத்தான் கொடுத்து அனுப்பினான். சாயங்காலமானால் அதுவும் தீர்ந்துபோயிருக்கும்.

மருந்து செய்கிற ஃபேக்டரியில் வேலை எனக்கு. சிரம்பான் டவுனுக்கு வெளியே, மம்பாவ் தாண்டி உள்ளே கிடக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு அவர்களே பஸ் அனுப்புகிறார்கள். எஸ்டேட் என்பது இப்போது பெயருக்குத்தான். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் டவுன் வேலைக்காரர்கள். பாரோயில் செக்யூரிட்டி கார்டு வேலை, ரஹாங்கில் சாப்பாட்டுக் கடை, இல்லாவிட்டால் எங்களைப் போல ஃபேக்டரி. என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் டிராக்டர் ஓட்டிக் குலை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

ஃபேக்டரியில் நாங்கள் இருக்கும் கட்டடம் தனி. அங்கே செய்வது பென்சிலின் வகை மருந்து மட்டும். காய்ச்சல் மாத்திரை செய்கிற கட்டடத்தின் காற்றும் எங்கள் கட்டடத்தின் காற்றும்கூடக் கலந்துவிடக் கூடாது. நான் நிறுக்கும் அறையில் இருந்தேன். டிரம்மைத் திறந்து, உள்ளே பைக்குள் பையாகக் கட்டியிருக்கும் அமோக்ஸிசிலின் தூளை வாரி, நிறுத்து, அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும். பார்த்தால் அரிசி மாவு மாதிரிதான் இருக்கும். மாவைப் போலவே அதுவும் போட்ட இடத்தில் உட்காராது. வேகமாக வாரினால் கிளம்பும், பையை உதறினால் கிளம்பும். மெதுவாக, மெதுவாக என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருப்பார்கள். என்னைப் போன்ற அவசரக்காரிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

உயிரைக் காப்பாற்றுகிற தூள்தான். ஆனால் சில பேர் உடம்புக்கு அது ஆகவே ஆகாது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு அடைக்கும், கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். பிறவியிலேயே ஆகாதவர்கள் என்றும் இல்லை. நாள்பட அதிலேயே கிடந்தால் நேற்றுவரை ஒன்றும் செய்யாதது இன்றைக்குச் செய்யும். எங்களோடு வேலை பார்த்த ஒருத்திக்குத் தும்மலில் ஆரம்பித்தது. கடைசியில் எங்கள் கட்டடத்துப் பக்கமே வரக் கூடாது என்று அவளை மாற்றிவிட்டார்கள்.

அதனால்தான் அத்தனை ஜாக்கிரதை. வெள்ளை முழு உடுப்பு, தலைக்கு முக்காடு, வடிகட்டி வைத்த மாஸ்க், கைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குளோவ்ஸ். கழற்றுவதற்கும் வரிசை உண்டு. மேல் குளோவ்ஸ் முதலில். பிறகு முக்காடு. பிறகு உடுப்பை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டி இறக்க வேண்டும். உள் குளோவ்ஸ் கடைசி. எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்து, வீட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். குளிக்காமல் அந்த வாசலை யாரும் தாண்ட முடியாது.

நான் மற்றவர்களைவிட அதிக நேரம் குளிப்பேன். பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். காது மடல், நகக்கண், புருவம் எல்லாவற்றையும் தேய்ப்பேன். எனக்காக இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பென்சிலின் ஆகாது.

அது தெரிய வந்தது நான் காய்ச்சல் மாத்திரை பேக்கிங்கில் இருந்த காலத்தில். பல் வீங்கி, டவுன் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையில் ஒன்றை விழுங்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இனி ஜென்மத்துக்கும் பென்சிலின் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைப் பிளாஸ்டிக் போட்டு, பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில்கூட எடுத்துக் காட்டுவார். "எனக்கு டாக்டர் தனியா கார்டு குடுத்திருக்காங்க, ஒங்கள மாதிரி சும்மா ஆளு இல்லலா நானு" என்பார்.

பிறகு ஆள் பற்றாமல் என்னைப் பென்சிலின் கட்டடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த மலாய் அம்மாவிடம் போய் நேராகவே சொன்னேன். நாங்கள் எல்லோரும் அவரைக் காக் என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். காக் அவசரப்படாமல் கேட்டார். கதவு முதல் குளியல் வரை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "உடுப்பு இங்கேயே. தூசி இங்கேயே. வெளியே போவது நீ மட்டும்தான். ஜாங்ஙான் ரிசாவ், கவலைப்படாதே" என்றார்.

மோதிரம், வளையல், கடிகாரம், தோடு எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதும் சட்டம். என் கை தாலிச் சங்கிலிமேல் போனதைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார், "அதைக் கழற்ற வேண்டாம். அது உங்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டர் போட்டு நெஞ்சோடு ஒட்டிக்கொள், மேலே உடுப்பு மூடிவிடும்." எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நாங்கள் கேட்காமலே கிடைத்த மரியாதை அது. அன்றைக்கு அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சங்கிலி தங்கம். குளிக்கும்போது சோப்பு நுரையில் அலசி எடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அது கழுத்தில் கிடந்தவரை வீட்டில் ஒரு தொல்லையும் இல்லை.

ரஹாங்கில் பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு சனிக்கிழமை கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. கழுத்தில் நெருப்பு வைத்தாற்போல ஒரு இழுப்பு. திரும்பினால் இரண்டு ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. சங்கிலி, தாலி, குண்டுமணி எல்லாம் போய்விட்டது. நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா ஓடி வந்து தன் துப்பட்டாவை எடுத்து என் கழுத்தைச் சுற்றி மூடினார். ரத்தத்துக்காக மூடவில்லை. வெறுங்கழுத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பூசாரி மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொடுக்க, என் வீட்டுக்காரர் மறுபடியும் கட்டினார். வேலை உடுப்போடு வந்திருந்தார், செம்பனை எண்ணெய்க் கறை அப்படியே. முடிச்சுப் போடுவதற்கு முன்னால் குனிந்து என் காதில், "ஏம்மா, இந்த வாட்டி நல்லா யோசிச்சுக்க. வேணான்னா இப்பவே சொல்லிரு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கட்டுங்க, பேசாம" என்றேன். பிறகு சின்னதாக ஒரு தாலி செய்து அதே கயிற்றில் கோத்துக்கொண்டேன். சங்கிலி மட்டும் இனி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து என் வலது கைக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். சோறு வடிக்கும்போது தொடும். பஸ்ஸில் தொடும். ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், முதலில் கை கழுத்துக்குப் போகும், பிறகுதான் தலை திரும்பும். நிறுக்கும் அறைக்குள் தொட முடியாது, உடுப்புக்குள் பிளாஸ்டருக்கு அடியில் இருக்கும். அந்த நேரம் முழுக்கக் கை தவியாய்த் தவிக்கும். வேலை முடிந்து, மேல் குளோவ்ஸைக் கழற்றி, முக்காட்டைத் தள்ளி, ஜிப்பைக் கொஞ்சம் இறக்கியதும் முதல் காரியமாகக் கை உள்ளே ஓடும். பிளாஸ்டர் ஓரத்தை உரித்துக் கயிற்றைப் பிடித்துப் பார்க்கும். இருக்கிறது. அப்பாடா. அதற்குப் பிறகுதான் மிச்சத்தைக் கழற்றுவேன்.

கொஞ்ச நாளில் அவருக்குக் கன்னம் தடித்தது. ஒரு பக்கக் கன்னம் மட்டும், இடது பக்கம். காலையில் சிவந்து வீங்கியிருக்கும், மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். முதலில் இறாலைச் சொன்னேன். இறாலை நிறுத்தினோம். செம்பனைக் கம்பளிப்பூச்சி என்றேன். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். புகைமூட்டம், களைக்கொல்லி, புதுச் சோப்பு, பழைய தலையணை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துச் சண்டை போட்டேன். தலையணையைக் கொல்லையில் போட்டு எரித்தேன். அவர் பாட்டுக்குக் கன்னத்தைச் சொறிந்துகொண்டே, "அத எரிச்சிட்ட, இனி நான் எதுலலா படுக்கிறது?" என்று கேட்டார்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் தலையணையில் படுக்கிற ஆளே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கழுத்தடியில் முகத்தை வைத்துத்தான் தூங்குவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் சுவர்ப் பக்கம், அவர் வெளிப்பக்கம், அவருடைய இடது கன்னம் என் மேல். இத்தனையும் தெரிந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை நான் சுத்தம். நான்தான் குளித்துவிட்டு வருகிறேனே.

ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கன்னம் பளிச்சென்று இருந்தது. அவர் வாசலிலேயே நின்று, "பாத்தியா? நீ இல்லாட்டி ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அலர்ஜி ஒன்மேலதான் போல" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. பையைக் கீழே வைத்தவள் அதற்கப்புறம் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் இல்லை, பயம். அடுத்த நாள் ஃபேக்டரியில் சோப்பை இரண்டாம் முறை போட்டுத் தேய்த்தேன், தோல் எரிகிறவரை. வேலைக்கு நடுவே அவர் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த வாரமெல்லாம் ஜிப்பை இறக்கிய கை தாலியைவிட்டு எளிதில் வரவில்லை. அம்மா தாயே, இவரை ஒன்றும் செய்துவிடாதே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அந்த வாரம்தான் அவருக்கு மூச்சு அடைத்தது. காலையில் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம், ஆள் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும், மனிதர் எழுந்திருக்கவில்லை. தொட்டு எழுப்பினேன். உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். "ஏங்க, ஏங்க" என்று உலுக்கினேன். பேச முடியாமல் கையைக் கையை ஆட்டினார். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிரம்பானுக்குப் பறந்தோம். வழி நெடுக அவர் மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டே வந்தேன். அது நின்றால் நானும் அங்கேயே நின்றுவிடுவேன் என்று தோன்றியது.

தொடையில் ஊசி போட்ட பிறகு விசில் சத்தம் குறைந்தது. நம்ம தமிழ்ப் பெண்தான் டாக்டர், சின்ன வயது. "அண்ட்டி, பென்சிலின் ஏதாச்சும் சாப்ட்டாரா?" என்றாள்.

"இல்லம்மா. அவரு அந்தப் பக்கமே போக மாட்டாரு. கார்டு இருக்கு பாருங்க."

"வீட்டுல வேற யாராச்சும் அந்த மெடிசன் எடுக்கிறீங்களா?"

"யாரும் இல்ல. நான்தான் ஃபேக்டரில அத நிறுக்கிறேன்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அண்ட்டி, ஒங்க மேல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருதா?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. "என்னா பேசுறீங்க? நான் குளிச்சிட்டுத்தான் வர்றேன்! தினமும் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வர்றேன்! ஊரே என்னைப் பாத்து யாரு செத்தான்னு கேக்குது!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் பாவம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "கத்தாதலா, இப்பதான மூச்சு வந்துச்சு எனக்கு" என்று அவர் கட்டிலிலிருந்து முனகினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரை உள்ளறையில் தனியாகப் படுக்கச் சொல்லிவிட்டு நான் ஹாலில் பாயைப் போட்டேன். அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தேன். வீட்டில் சும்மா இருப்பதும் எனக்கு ஒரு தண்டனைதான். துடைத்த இடத்தையே துடைத்தேன். என் உடுப்பையெல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். கைப்பை, செருப்பு, பஸ்ஸில் போட்டுப்போகும் ஜாக்கெட் எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, எதில் ஒளிந்திருக்கிறாய் என்று திருடனைத் தேடுகிற மாதிரி தேடினேன். தேடும்போதும் வலது கை கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, வழக்கம்போல மஞ்சளை உரசித் தாலிக் கயிற்றில் தடவினேன். கயிறு நனைந்தது. ஒரு வாடை எழுந்தது.

நனைந்த பழைய அட்டைப்பெட்டியும் கெட்ட முட்டையும் சேர்ந்த மாதிரி லேசான வாடை. எங்கள் கட்டடத்தில் தூளில் ஈரம் பட்டால் வருவது அதுதான். உள்ளேயே கிடப்பதால் எங்கள் மூக்குக்கு அது மரத்துப்போய்விடும், புதிதாக வருகிறவர்கள்தான் மூக்கைப் பொத்துவார்கள். லீவில் இருந்த சில நாளில் என் மூக்கும் புதிதாகியிருந்தது. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை மூக்குப் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

உள் குளோவ்ஸ்தானே, சுத்தம்தானே என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கைதான் தூசி படிந்த முக்காட்டைத் தள்ளியது, ஜிப்பைப் பிடித்தது. அதே விரல்களால் கயிற்றைப் பிடித்து, இருக்கிறதா, இருக்கிறதா என்று உருட்டியிருக்கிறேன். தங்கம் என்றால் கழுவினால் போயிருக்கும். இது பஞ்சு நூல். குளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கரைந்து, நூலுக்குள் இறங்கி, மஞ்சளோடு மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. கிழங்கும் குடித்திருக்கிறது. அவர் தினமும் அதன் மேல்தான் முகத்தை வைத்துத் தூங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்துதான் தொட்டேன். பயம் கூடக் கூட அதிகமாகத் தொட்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல.

அழுகைச் சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்துவிட்டார். "கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். அங்கேயே நின்றார். விஷயத்தைச் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"சரி, கழட்டிப் போடு" என்றார்.

"வாயக் கழுவுங்க! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னா பேச்சு இது?"

"நான் கட்டினதுதான? நானே சொல்றேன்லா, கழட்டு."

"புதுசு ஏத்தாம பழச எறக்குவாங்களா? கழுத்து வெறுமையா நிக்கலாமா?"

எங்களில் அப்படித்தான். தாலிக் கயிறு நைந்துபோனால் முதலில் புதுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பழையதை எடுப்பார்கள். ஒரு நிமிஷம்கூடக் கழுத்து சும்மா இருக்கக் கூடாது. ஆனால் இந்தக் கயிற்றோடு புதுசைச் சேர்த்துப் போட்டால் புதுசும் வீணாகிவிடும். அதை அவருக்கு நானே விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறு வழியில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அவர், "நான் இருக்கணுமா, அது இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பசிக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

காக்குக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நான்தானே போட்டுக்கொள்ளச் சொன்னேன்" என்றார், குரல் உடைந்துபோய். "மரியாதைக்குச் சொன்னீங்க காக், அத விடுங்க, இப்ப என்னா செய்யணும்?" என்று படபடத்தேன். அவர் சட்டென்று வேலைக் குரலுக்கு வந்தார். காய்ந்த நிலையில் தொடாதே, தூசி கிளம்பும். ஈரத்துணியைச் சுற்றி மேலே பிளாஸ்டிக் வைத்து மூடு. வீட்டில் எடுக்காதே, நாளைக்கு இங்கே வா. படுக்கை விரிப்பையெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்தோடு துவைக்கப் போடு, அவரை வெளியே உட்காரச் சொல். நான் துவைத்து முடிக்கிறவரை அவர் வாசலுக்கு வெளியே டிராக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பொண்டாட்டி துரத்திவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு.

மறுநாள் காலர் வைத்த சட்டைக்குள் அந்த ஈரக் கட்டோடு பஸ் ஏறினேன். காக் குளியலறை வாசலில் காத்திருந்தார். கையில் கத்திரி, பக்கத்தில் கழிவு போடுகிற மஞ்சள் பை. குளோவ்ஸ், மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கோயிலில் இறுக்கிக் கட்டிய முடிச்சு, தண்ணீரிலும் மஞ்சளிலும் கல்லாகியிருந்தது. "நான் வெட்டலாமா, இல்லை உங்கள் ஆள் யாராவது வர வேண்டுமா?" என்று காக் மெதுவாகக் கேட்டார். நானே கத்திரியை வாங்கிக்கொண்டேன். வேறு யார் கையாலும் வேண்டாம் என்று இருந்தது. வெட்டும்போது மனதுக்குள் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன், நான் சாதாரணமாகச் சொல்லாத பெயர்.

தங்கத்தை மட்டும் எடுத்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டோம், பலமுறை அலசிவிட்டுத் திங்கட்கிழமை தருகிறேன் என்றார் காக். கயிறும் மஞ்சள் கிழங்கும் பழைய குளோவ்ஸோடும் மாஸ்க்கோடும் பைக்குள் போயின. எல்லாம் சேர்ந்து எரிக்கப் போகும். பையின் வாயைக் கட்டும்போது காக்கின் கண்ணும் கலங்கியிருந்தது. இனி யார் கழுத்திலும் நூல் உள்ளே வராது என்றும், என்னை மறுபடியும் காய்ச்சல் மாத்திரைப் பக்கம் மாற்றச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு ஷவரின் கீழே நின்று, தொண்டைக் குழியில் கயிறு கிடந்த தடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அழுதேனா தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எங்கேயோ ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. ஒன்றும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்தேன். அது மறுபடியும் போனது. எங்கள் லயத்து அக்கா ஒருவர், பேக்கிங்கில் வேலை செய்கிறவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் ஈரத் தலையைப் பார்த்தார், பிறகு கை இருந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஊருக்கே தெரியும்.

"அடியே... போன் வந்துச்சா? எப்படி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, அழாதீங்க. அவரு நல்லாத்தான் இருக்காரு."

"எங்கிட்ட மறைக்காதடி. கழுத்துல ஒண்ணும் இல்லாம வர்ற!"

"நல்லா இருக்கணும்னுதான் கழட்டிட்டு வர்றேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அதிர்ச்சியில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார் போல, என் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தார். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எப்போதடா எஸ்டேட் முனை வரும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனையில் பஸ் நின்றது. மரத்தடியில் மோட்டாரை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் வந்திருக்கிறார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ மாரியம்மா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அக்காவைத் தாண்டி இறங்கினேன். என் வீட்டுக்காரர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார் என்று புரிந்தது. ஆனால் நான் கத்தியது மனதில் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் எட்டியே நின்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"கிட்ட வரலாமா?" என்றார்.

"வாங்க" என்றேன். "குளிச்சிட்டுத்தான் வர்றேன்."